அணிலுக்கு வாங்கிய துப்பாக்கி

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு ரம்புத்தான் பழங்களை அணில்கள் விட்டுவைக்கவில்லை. என் கணவர் கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே உசத்தியான காற்றுத் துப்பாக்கியை வாங்கினார். அதன் வேகமும் அவருக்குப் போதவில்லை. பட்டறையில் கொடுத்து உள்ளே இன்னும் முறுக்கான ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தார்.

"அணிலுக்கு எதுக்குங்க இவ்ளோ வேகம்?" என்றேன்.

"நீ பாரேன்லா," என்றவர் வேலியில் பால் டின்னைக் கவிழ்த்துச் சுட்டார். குண்டு டின்னைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் பாடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. அழுகைகூட வரவில்லை.

சற்றுப் பொறுத்து அந்த வீட்டுப் பாக்கியம் அக்கா வெளியே வந்தார். இடுப்பில் பிள்ளை, கையில் தூளி கட்டிய சாரோங் துணி.

"பால் குடுக்க இப்பதான் தூக்குனேன், தங்கச்சி," என்று சாரோங்கை விரித்தார். நடுவில் ஓட்டை. குண்டு பலகைச் சுவரையும் தாண்டி வந்திருக்கிறது.

என் கணவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார்.

அந்தத் தூளிப் பிள்ளை இப்போது கல்யாணமாகி செங் என்ற ஊரில் இருக்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். நான் சிரிப்பதற்குத்தான் எப்போதும் கொஞ்சம் நேரமாகிறது.