கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

டாக்டருக்குப் படித்தவர்களுக்குப் பாடம் நடத்த யாரும் சொல்லித் தருவதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மருத்துவ மாணவர்களையும் நர்சிங் மாணவிகளையும் பயிற்சிக்கு அனுப்பி, அந்தப் பொறுப்பை எங்கள் தலையில் கட்டினார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்டதையே மறுபடி கேட்கும் மாணவனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். மற்ற டாக்டர்களும் ஒன்றும் பொறுமைசாலிகள் இல்லை. அதனால் எங்களுக்குக் கற்பிக்கக் கற்றுத்தர சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார்.

நல்ல மனிதர். மாணவர்களை நோயாளி முன்னால் திட்டக் கூடாது, நோயாளியின் தலைக்கு மேலே அவர் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவருடைய விதி. பார்க்க வேண்டியதை அமைதியாகப் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து பேசுங்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

செய்து காட்டுவதற்கு ஆண்கள் வார்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலை போடும் விவசாயி. நாற்பது வயதிருக்கும். இதயத்தில் வால்வு கெட்டு, மூச்சிரைக்க வந்தவர், மருந்தில் தேறிக்கொண்டிருந்தார். இன்னும் சில நாள் இருந்தால் நடந்தே பஸ் ஏறுவார். வால்வின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும் நெஞ்சு அது. பேராசிரியர் அனுமதி கேட்டார், அவரும் தலையாட்டினார். டாக்டர்களும் மாணவர்களுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஒவ்வொருவராகக் குனிந்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனோம். கால்மாட்டில் அவருடைய மனைவி நின்றிருந்தார். வராந்தாவில் அருமையான வகுப்பு நடந்தது.

மறுநாள் காலையில் கட்டில் காலி. யாரிடமும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். “படிக்காத ஜனங்க, என்ன பண்றது?” என்றார் ஒரு டாக்டர். எனக்கும் ஆத்திரம்தான். பேராசிரியர் மட்டும் ஜீப்பை எடுக்கச் சொன்னார். மருந்து நின்றால் அந்த இதயம் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் ஏறிக்கொண்டேன்.

அவர் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். உள்ளே அவரைத் தெற்கே தலை வைத்து, பாயில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். இந்த நோய்க்காரரை மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். அவர் தவித்தார். அந்தத் தவிப்பைப் பார்த்து, முடியப் போகிறது என்று அவர்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள்.

பேராசிரியர் பாயில் உட்கார்ந்து, அவரைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். நான் ஊசி போட்டேன். மெல்ல இரைப்பு குறைந்தது. அதன் பிறகுதான் என்னால் சத்தம் போட முடிந்தது.

“யாரைக் கேட்டும்மா கூட்டிட்டு வந்தீங்க?”

“யாரைக் கேக்கறது?” என்றார் அவருடைய மனைவி. “எல்லாரும் வரிசையா வந்தீங்க. ஒவ்வொருத்தரா நெஞ்சத் தொட்டுப் பாத்துட்டு, வாயே தொறக்காம வெளிய போனீங்க. எங்க ஊர்ல சாவப் போறவங்களத்தான் அப்படிப் பாத்துட்டுப் போவாங்க. சாவறது ஊட்டுல சாவட்டும்னுதான் கூட்டிக்கினு வந்தேன்.”

பேராசிரியர் அவரைத் தாங்கிக்கொண்டே, “தப்பு என்னோடதும்மா. இவரு பொழைச்சுக்குவாரு, அனுப்புங்க” என்றார்.

அந்த அம்மா சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. “இனிமே யாரு நெஞ்சுல வெச்சுக் கேட்டாலும், கேட்டது இன்னான்னு அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவணும். நானும் உங்களக் கேக்காம கூட்டிக்கினு போவ மாட்டேன்” என்றார்.

ஜீப்பில் அவர் பேராசிரியர் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே காத்திருந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த அம்மா சொன்னதே எங்கள் ஆஸ்பத்திரியில் பாடம் நடத்தும் முறையானது. பேராசிரியர் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. அந்த விவசாயி மருந்துக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்டுவிட்டு, “இன்னிக்கு இரைச்சல் கம்மிங்க” என்று தடுமாறித் தடுமாறிச் சொல்வார்கள். “போன வாட்டி வந்த பொண்ணு ஜாஸ்தின்னுச்சு. நல்லா கேட்டுச் சொல்லு” என்று அவர் விரட்டுவார். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம்.

சில வருடங்கள் அப்படிப் போயின. பிறகு ஒருமுறை படுத்தவருக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. அந்த அம்மா என் அறைக்கு வந்தார்.

“டாக்டரம்மா, கேக்காம போவ மாட்டேன்னு சொன்னேன். இப்ப கேக்கறேன். கூட்டிக்கினு போவட்டுமா?”

“கூட்டிட்டுப் போங்கம்மா” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. “பசங்கள ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவச் சொல்லுங்க” என்றார்.

வந்தவர்கள் புது மாணவர்கள், பழைய கதை தெரியாதவர்கள். ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டு, அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக நான் வைத்துக் கேட்டேன்.

“இன்னா சொல்லுது?” என்றார்.

“ரொம்பக் களைச்சுப் போச்சுங்க.”

“ஆமா” என்று தலையாட்டினார்.

ஜீப்பில் ஏற்றும்போது, வீட்டில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவரைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தார்.