சைக்கிளில் வந்த கடல்

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை யாரும் கடலைத் திருவிழாவுக்குக் கூட்டி வந்ததில்லை. செய்து காட்டுகிறேன் என்று கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றவர் என் சித்தப்பா. திருகோணமலைக் கடலில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, சைக்கிள் ஹேண்டிலில் கட்டித் தொங்கவிட்டு, கந்தளாய், தம்புள்ளை, நாவுல, மாத்தளை என்று மிதித்து வந்து, மலையேறி, எங்கள் மாரியம்மன் காலடியில் ஊற்றுவாராம். வழியில் செம்பு தரையில் படக்கூடாது. பட்டால் அது தீர்த்தமில்லை, வெறும் தண்ணீர்.

சித்தப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சிறுத்தையைக் குடையால் விரட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அதனால் அவர் பெண் கேட்டுப் போன கீழ்ப்பிரிவுக் கங்காணி பட்டென்று சொல்லிவிட்டார்.

"மொதல்ல அந்தக் கடல் தண்ணி வந்து சேரட்டும் தம்பி. அப்புறம் தாம்பூலம் மாத்துறதப் பத்திப் பேசுவோம்."

இது தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. இனிப் பின்வாங்கினால் பெண்ணும் இல்லை, மரியாதையும் இல்லை.

வெள்ளைக்காரத் துரை போய் சிங்களத் துரை வந்திருந்த வருடம் அது. நான் நாலாம் வகுப்பு. தினமும் வேலை முடிந்து வந்ததும் சித்தப்பா எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு, சாணி மெழுகிய தரையில் கரித்துண்டால் பாதை போடுவார். ஊர்ப் பெயர்களைப் படித்துச் சொல்வது என் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா மெழுகும்போது திருகோணமலையிலிருந்து மாத்தளை வரை எல்லாம் அழிந்துபோகும். சாயங்காலம் மறுபடி போடுவார். போடப் போடப் பாதை சுருங்கிக்கொண்டே வந்தது. சில வெள்ளிக்கிழமைகள் கழிந்தபோது நாவுலவுக்கும் மாத்தளைக்கும் நடுவில் இருக்கிற நாலந்தை ஏற்றமே காணாமல் போயிருந்தது.

அம்மாவுக்குக் கொழுந்தனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"ஒன்னுக்கு ரெண்டுக்குப் போனா செம்ப யாரு தம்பி புடிப்பா?"

"மரக்கெளையில மாட்டிட்டுப் போவேன் அண்ணி."

"கந்தளாய்க் காட்டுல ஆனை நின்னா?"

"அதுகிட்டயே குடுத்துட்டுப் போறேன், போங்க."

விளையாட்டாகப் பேசினாலும் பழகியது விளையாட்டாக இல்லை. செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் மூச்சிரைக்க ஏறுவார். சொட்டு சிந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சித்தப்பா கடலைக் கொண்டுவரப் போகிறார் என்று வாத்தியாரிடமே போய்ச் சொன்னேன்.

மரக்கறி லொறி ஒன்றில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போனார். திருவிழா அன்று சாயங்காலம், கோயில் முடக்கு வளைவில் தப்பு அடித்துக்கொண்டு தோட்டமே காத்திருந்தபோது வந்து சேர்ந்தார். சைக்கிளில்தான் வந்தார். ஆனால் முன்சக்கரம் கோணிப்போய் மட்கார்டில் கடகடவென்று இடித்தது. சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. முழங்கால் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. மஞ்சள் துணி கட்டிய செம்பின் ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. கங்காணி கிட்டே வந்து செம்பைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், விலகி வழிவிட்டார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பூசாரி அம்மனுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஆளுக்கு இரண்டு சொட்டாகக் கையில் விட்டார். முதல் கை என்னுடையது. கரிக்கப் போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உறிஞ்சினேன்.

கரிக்கவில்லை.

உள்ளங்கையை நக்கிப் பார்த்தேன். பாசி வாடையோடு, சில்லென்று, எல்கடுவ ஏற்றத்து வளைவில் பாறையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினம் குடிக்கிற தண்ணீர் எனக்குத் தெரியாதா?

முகம் சுட்டது. காது சுட்டது. சித்தப்பாவைத் தேடினேன். தூணோரம் தலை குனிந்து நின்றவர் ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மனையே ஏமாற்றிவிட்டாரே என்று எனக்கு அழுகை முட்டியது. பின்னால் கைகள் நீண்டுகொண்டே வந்தன. இதோ இந்த ஆள் கத்தப் போகிறான், இதோ இந்தக் கிழவி காறித் துப்பப் போகிறாள் என்று ஒவ்வொரு கைக்கும் என் மானம் கப்பலேறி இறங்கியது. கங்காணியின் முறை வந்தது. அவர் உறிஞ்சினார். சித்தப்பாவின் முழங்காலை மறுபடி பார்த்தார். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

"வைகாசியில வச்சுக்குவோம் மாப்புள," என்றார்.

சித்தப்பா எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். சைக்கிள் மிதித்த களைப்பு என்றாள் அம்மா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன், அவர் ரத்தம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது? கடல் எப்படி இருந்தது என்று வாத்தியார் கேட்டபோது வயிற்று வலி என்று உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் பாரில் ஏறச் சொல்லிச் சித்தப்பா கூப்பிட்டால் நடந்தே வந்தேன். ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஓடிவிட்டேன். மாரியம்மன் சும்மா விடமாட்டாள், அம்மை போடும் என்று, அவர் பீலியில் குளிக்கும்போது முதுகில் கொப்புளம் இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கமே போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து, தோட்டத்தில் இவ்வளவு பேர் இருந்தும் இப்படி ஏமாளிகளாக இருக்கிறார்களே என்று நினைத்து நினைத்துக் கூனிக் குறுகினேன்.

அந்தப் பந்தியிலேயே சாம்பாரில் உப்புப் போதவில்லை என்று மூன்று வரிசையிலும் சத்தம் எழுந்தது. கங்காணிதான் முதலில் சொன்னார். அன்று கோயிலில் கை நீட்டிய அத்தனை பேருக்கும் நாக்கு இருந்தது என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.