லேர் மாற்றிய பாக்கியம் அக்கா

முந்தாநாள் பாம்பூ சந்தியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சீனக் கடைக்காரர் தராசை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். யாருக்காகவும் தராசை விட்டு வருகிறவர் அல்லர் அவர். பாக்கியம் அக்கா காலையில் இறந்துபோனார் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்துக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீடு. கரும்பில் களை எடுப்பவர். எங்கள் முருங்கையில் கீரை ஒடித்துக்கொண்டே, "ஒடிச்சுக்கட்டுமா தம்பி?" என்று கேட்பார்.

பெரிய யுத்தம் முடிந்த சமயம், எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி லெட்சுமி பெல் ஒம்ப்ரில் சித்தி, சித்தப்பா, அண்ணன்மார் என்று ஒரே முற்றத்தில் வளர்ந்தவள். அந்த ஊர் மழையைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. பாம்பூவிலோ வெயிலும் புழுதியும்தான். எனக்கு ஆலையில் இரவு வேலை. பகலில் நான் தூங்குவதால் அவள் சத்தமில்லாமல் உள்ளேயே கிடப்பாள். எல்லாப் பெண்களும் போன பிறகுதான் குழாயடிக்குப் போவாள். தனியாகச் சாப்பிட்டாள், பிறகு சாப்பாட்டையே விட்டாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். பிழைக்கமாட்டாளோ என்று பயந்தேன்.

அக்காதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, உடம்பில் நோயில்லை, லேர் மாற்ற வேண்டும் என்றாராம். நம் தீவின் கிரியோல் பேச்சில் காற்றும் லேர்தான், நேரமும் லேர்தான். டாக்டர் சொன்னது வக்குவா மாதிரி குளிர்ந்த ஊர்க் காற்றை. அக்கா அதை நேரம் என்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டினார்.

"லெட்சுமி, உன் நேரம் சரியில்லையாம். வா, எங்க நேரத்துக்குத் தண்ணி எடு."

வாளிச் சத்தத்தில் என் தூக்கம் கெடும் என்றேன்.

"நீ தூங்கு தம்பி. உன் தூக்கத்தை அவ ஏன் தூங்கணும்?"

அன்று முதல் விடிகாலையில் குழாயடி. களை எடுத்துப் பெண்கள் திரும்பியதும் அக்கா வீட்டு வாசலில் எல்லோரோடும் சாப்பாடு. அவளுடைய பெல் ஒம்ப்ர் பேச்சை அவர்கள் கேலி செய்வார்கள். முதலில் தலை குனிந்தவள் பிறகு திருப்பிக் கொடுத்தாள். ஒருநாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாளி வரிசைக்கு இன்னிக்குச் சண்டை போட்டா தம்பி. பிழைச்சுட்டா."

அடுத்த முறை பார்த்த டாக்டர், எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டாராம். குழாயடிக்கு என்றாராம் அக்கா. விஷயம் புரிந்ததும் டாக்டரை விட அக்காதான் அதிகம் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வக்குவாவுல அவளுக்கு யாரைத் தெரியும்?"

நேற்று அக்காவை எடுத்துப் போய், மயானத்திலிருந்து திரும்பியபின் அவர் கணவர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தட்டை அங்கேயே கொண்டுபோய் வைக்கலாம் என்றேன். லெட்சுமி சம்மதிக்கவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் உக்காந்துட்டோம். நீங்கதான் பாக்கி."

எழுந்து வந்தார். கொஞ்சம்தான் சாப்பிட்டார். ஆனால் எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நிம்மதியாகப் போங்கள், அக்கா.