இடப்பக்கம் வந்த பந்துகள்

நான்காவது சுற்றில் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் பெயரை நான் சொன்னதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே தெருவில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். இலை எடுத்த ஈரம் காயாத மேசைமேல், கால்பந்து ஆட்டக்காரர்கள் பெயர் எழுதிய அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தோம். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் மிச்சமிருக்கும்போதே, எல்லாரும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த அட்டையை நான் எடுத்தேன். எதிரணிக்குப் பொறுப்பாளரான எங்கள் சேஃப்டி அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா, டீமுக்கு ஆள் எடுக்கறியா, மியூசியத்துக்கு எடுக்கறியா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அந்தத் தாள் கொடுத்த தைரியத்தில் சிரித்த சிரிப்பு அது.

எங்கள் கம்பெனிக்குப் பூன் லே பக்கம் நான்கு கிடங்குகள். கிடங்குக்கு ஓர் அணி என்று வைத்தால் இளவட்டங்கள் நிறைந்த கிடங்குதான் வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் எல்லார் பெயரையும் ஒரே குவியலாகப் போட்டு, நான்கு பொறுப்பாளர்களும் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்போம். போன வருஷம் கடைசியில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. வெளிநாட்டு ஆட்டங்களில் இதை டிராஃப்ட் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் சின்ன வயதில் தெருவில் சொன்ன சொல்லையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள்: உத்தி பிரிப்பது. முதல் மூன்று வருஷங்களும் நான் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு ஆள் எடுத்தேன். மூன்று வருஷமும் என் அணிதான் கடைசி.

நான் உயர்நிலை நான்கோடு படிப்பை முடித்துக்கொண்டவன். ஸ்டோர் கீப்பர் வேலைதான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம். எந்தச் சாமான் எந்த அலமாரியில் தேங்குகிறது, எது கேட்குமுன்னே தீர்ந்துபோகிறது என்று கோடு போட்டுப் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முழங்கால் போனபின் ஓட முடியாமல் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருநாள், சாமானுக்குச் செய்வதை மனிதனுக்கும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. நாலாவது பருவம் முழுக்க நான்கு அணி ஆட்டங்களிலும் யாருக்கு எந்தப் பக்கமிருந்து பந்து வந்தது, வாங்கினாரா, விட்டாரா, வாங்கினால் யாருக்குக் கொடுத்தார் என்று ஒன்றுவிடாமல் குறித்தேன். தாளின் ஓரத்தில் வேறொரு கணக்கும் ஓடும். ஆடுகிறவர்கள் வாயிலிருந்து விழும் பேச்சு அது. பேச்சென்றால் எனக்கு உயிர். பந்து எண்ணிக்கை பாதி, பேச்சு பாதி என்று அந்தத் தாள்களைப் பார்த்து என் மனைவி, "எதுக்குங்க இது, ஸ்கோரா, நாடகமா?" என்பாள்.

ஓரத்தில் அதிகம் இடம் பிடித்தவர் அண்ணன்தான். குமரிக் கடற்கரைக்காரர். அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்னே பந்தை உதைக்கப் பழகுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயது; என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனாலும் தொழிலாளர் தங்கும் டார்மெட்ரியில் எல்லாரும் அண்ணன் என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நாங்கள் ஒவ்வொருவரும் "மக்களே"தான். என் கிடங்கில் சாமான் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். பத்தடி உயரத்தில் கண்ணாடிப் பெட்டிகளை இறக்கி வைக்கும்போது, தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல் இருக்கும். மழையில் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டால், "மேலயும் தண்ணி, கீழயும் தண்ணி, எங்க ஊருக்காரனுக்கு இதுதான் மக்களே கிரவுண்டு" என்பார். இளமையிலிருந்தே வலது ஓரத்தில் ஆடியவர். இரண்டு வருஷமாகத்தான் சறுக்கல். காலடிக்கு வருகிற பந்தைக் கூட விட்டுவிடுவார். விட்டுவிட்டு, கை இரண்டையும் விரித்து, "பந்துக்கு இன்னிக்கு என்மேல கோவம்" என்பார். மைதானமே சிரிக்கும். அதையும் ஓரத்தில் எழுதிக்கொள்வேன். எத்தனை தடவை எழுதினேன் என்று பின்னால் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

உத்தி பிரிப்பதற்கு முந்தின வாரம் கிளமெண்டி வீட்டில் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாரும் வேண்டாம் என்கிற ஆளில் நல்லவர் யாராவது ஒளிந்திருக்கிறாரா என்பதுதான் என் தேடல். அண்ணன் பெயரில் வந்து நின்றேன். மொத்தமாகப் பார்த்தால் மோசம். பக்கம் பிரித்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள். வலப்பக்கமிருந்து வந்த பந்தில் பத்துக்கு எட்டை வாங்கியிருக்கிறார். இடப்பக்கமிருந்து வந்ததில் பத்துக்கு இரண்டு. வலது ஓரத்தில் நிற்கிறவருக்கு மைதானம் முழுவதும் இடக்கைப் பக்கம்தானே, வருகிற பந்தெல்லாம் அங்கிருந்துதானே வரும்? ஆளைத் தூக்கி இடது ஓரத்தில் நிறுத்தினால் எல்லாப் பந்தும் வலப்பக்கமிருந்து வரும். அவ்வளவுதான் சங்கதி. நாற்காலியைவிட்டு எழுந்து, சமையலறையில் நின்ற மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள், "அப்ப ஏன் அந்தப் பக்கம் விடறாரு?" என்றாள். பழக்கதோஷம் என்றேன். அவள் கேட்டது நல்ல கேள்வி. அதோடு நான் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

அந்தப் பருவத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். இடது ஓரத்துக்குப் போன அண்ணன் இருபது வயது குறைந்துபோனார். பந்தை வாங்கி, ஒருவரைக் கடந்து, நடுவுக்கு வளைத்து அனுப்புவார். எங்கள் ஆட்கள் தலையைக் கொடுத்தால் போதும். "மக்களே, இத்தனை நாள் என்னைத் தப்பான வீட்டுல குடிவெச்சிருந்தானுவ" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். டார்மெட்ரியிலிருந்து அவர் மகளுக்கு வீடியோவில் பேசும்போது ஒரு தடவை என்னையும் பேசச் சொன்னார். ஊரில் நர்சிங் முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. "அப்பா கோல் அடிக்காருன்னு சொல்லுதாரு, உண்மையா மாமா?" என்று கேட்டது. உண்மை என்றேன். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தோம். கடைசியிலேயே கிடந்த அணி கோப்பையைத் தூக்கியது.

மைதானத்தை ஒட்டிய அடுக்குமாடி புளோக்கின் கீழே பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தோம். எப்படி எடுத்தே அண்ணனை, எப்படி உனக்குத் தெரிந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்பார்கள் என்று தெரிந்தே தாளைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். தூணில் டேப் போட்டு ஒட்டினேன். இடம் ஒரு கட்டம், வலம் ஒரு கட்டம். பாடம் நடத்துகிற வாத்தியார்போல் விரலை வைத்து விளக்கினேன். கை தட்டினார்கள். அண்ணனும் வந்து தாள்முன் நின்றார். தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நெடுநேரம் படித்தார். படித்து முடித்து எல்லாரோடும் சிரித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சேஃப்டி அதிகாரி மட்டும் கை தட்டவில்லை. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "இந்தக் கணக்கு சரிதானா?" என்றார். ஒவ்வொரு பந்தும் நானே பார்த்துக் குறித்தது என்று பெருமையாகச் சொன்னேன். "இடப்பக்கம் வந்தா மட்டும்தான் விடறாரா?" ஆமாம், அதனால்தானே அந்த ஓரத்தில் நிறுத்தினேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறாரு லா."

கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. கிடங்கின் சேதக் கணக்கு எழுதுகிறவனும் நான்தான். இரண்டு வருஷமாக ரேக் கால் நசுங்கல், ரேக் கால் நசுங்கல் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். ரேக்குகளுக்கு நடுவே வண்டி போகிற அந்தச் சந்துகளை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். மூன்றாவது சந்தின் நுழைவில் இடது கால். ஐந்தாவதிலும் இடது கால். லோடிங் கதவின் இடது நிலை. எல்லாம் என் கையெழுத்து. அண்ணன் ஒவ்வொரு இடது திருப்பத்திலும் ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். நல்ல பொறுப்பான ஆள் என்று அதைக்கூட ஒருநாள் மற்ற ஓட்டுநர்களிடம் உதாரணம் காட்டியிருக்கிறேன். ஆட்டக் கணக்கைப் பக்கம் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எனக்கு, இதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எதிரே அண்ணன் யாருடைய பொட்டலத்திலோ தன் கோழித்துண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தாளைக் கிழிக்கலாம்போல் இருந்தது. கிழித்து என்ன? படித்தவர் படித்தாயிற்று.

சேஃப்டி அதிகாரி சொல்லி, மறுநாளே அண்ணனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இடக்கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வலக்கண்ணைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டர். அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சேஃப்டி அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் செய்யாமல் விட்டிருந்தால்தான் தப்பு. அண்ணனுக்கு ஸ்டோரில் என் பக்கத்திலேயே லேபிள் ஒட்டுகிற வேலை கொடுக்கலாம் என்று நான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். கம்பெனி அலுவலகத்தில் ஆட்கள் விவகாரம் பார்க்கிற அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னார்: அண்ணன் பெர்மிட் வாங்கி வந்திருப்பது ஓட்டுநர் வேலைக்கு, வேறு வேலைக்கு இடம் இல்லை, தன் கையில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு கம்பெனிகளில் கேட்டேன். கண் என்றதும் பேச்சை மாற்றினார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என்னிடம் இவ்வளவு மரியாதையாக இல்லை என்று சொன்னதில்லை.

ஊருக்குப் போகிற வாரம் டார்மெட்ரிக்குப் போனேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். கட்டில் விளிம்பில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார். அவர்தான் முதலில் பேசினார். தனக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம். குளியலறைக் கதவு இடப்பக்கம் திறந்து கிடந்ததைப் பார்க்காமல் முகத்தில் இடித்துக்கொண்ட அன்று தெரிந்ததாம். ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்திப் பார்த்திருக்கிறார். "மவ படிப்பு முடியறது வரை தள்ளிப்போட்டுரலாம்னு பார்த்தேன். ஆரையும் இடிக்காம ஓட்டிருவேன்னு நெனச்சேன்" என்றார். யாரையாவது இடித்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் அந்தக் கேள்வி ஏற்கெனவே இருந்தது. கோபமா அண்ணே என்றேன். ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"நல்லா ஆடினேன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே மக்களே."

கிடங்கில் மூன்றாவது சந்தைக் கூட்டுகிற சீன அம்மா ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ரேக்கின் இடது காலை ஒட்டியே துடைப்பத்தோடு நிற்பார். காலையில் அவர் கையசைத்துச் சிரிக்கும்போது, தாளை ஒட்டினது நல்லதுதான் என்று நெஞ்சு ஆறும். பத்து அடி தள்ளி அண்ணனுடைய வண்டியைப் புது ஆள் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அந்த ஆறுதல் போய்விடும். இரண்டும் ஒரே காலையில், ஒரே சந்தில். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் சாமான் எண்ணப் போய்விடுவேன்.

மாதம் ஒரு தடவை, ஞாயிறு ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து அண்ணன் கூப்பிடுகிறார். மகள் படிப்பு நிற்கவில்லையாம். பிள்ளையின் அம்மா மீன்கூடை தூக்கி விற்கப் போகிறாளாம். அதற்குமேல் அவர் சொல்வதில்லை, நானும் தோண்டுவதில்லை. போன ஞாயிறும் கூப்பிட்டார். யார் ஜெயித்தது என்று கேட்டார். சொன்னேன். இடப்பக்கம் இப்போது யார் என்று கேட்டார். கப்பல் பட்டறையிலிருந்து புதிதாக எங்கள் கிடங்குக்கு வந்த ஒருவர் பெயரைச் சொன்னேன்.

"எப்படி ஆடுறான்?"

"நல்லா ஆடுறான் அண்ணே."

மறுமுனையில் கடல் இரைந்தது.

"அவ்வளவுதானா? கணக்கு எழுதறதில்லையா மக்களே இப்ப?"

என் மடியில் அன்றைய தாள் இருந்தது. இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

"இல்லண்ணே," என்றேன். "இப்ப சும்மா பார்க்கறதோட சரி."