குதிரைகள் என்ன தின்றன?

சுவிட்சர்லாந்தில் கூர் நகருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் செசீலியா பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். மன்னாரிலிருந்து வந்த புதிதில் குதிரையைக் கண்டாலே ஒதுங்கிப் போனவள். இப்போது முப்பத்தொரு குதிரைகளுக்கும் தீனி வைப்பது அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் ஆசியப் புல்வெளிகளிலிருந்து படையெடுத்து வந்த பழைய நாடோடிகளைப் பற்றிய கண்காட்சி. கணவன் பேர்சியையும் இழுத்துக்கொண்டு போனாள். பேராசிரியர் ஒருவர் அங்கிருந்த பலகையைக் காட்டி, "மூன்று லட்சம் வீரர்கள், ஆளுக்கு மூன்று குதிரைகள். ஒரே படையாக வந்தார்கள்" என்றார்.

செசீலியா கேள்வி கேட்க எழும்பினாள்.

"இரும் செசீலியா, சனம் பாக்குது," என்றான் பேர்சி.

"பாக்கட்டும்."

தனக்குத் தெரிந்த சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்: அந்தக் குதிரைகள் என்ன தின்றன? யாரோ சிரித்தார்கள். போகிற வழியில் மேய்ந்திருக்கும் என்றார் பேராசிரியர். எங்கள் குதிரை ஒன்றுக்கு நாளைக்குப் பத்துக் கிலோ உலர்ந்த புல் வேண்டும் என்றாள் இவள். அவை சிறிய குதிரைகள் என்றால் பாதியாக வையுங்கள். ஒன்பது லட்சத்துக்கு அப்போதும் நாலாயிரத்து ஐந்நூறு தொன், ஒரே நாளில். முன்னால் போனவை மேய்ந்து மிதித்த நிலத்தில் பின்னால் வருபவற்றுக்குச் சேறுதான் மிஞ்சும்.

"அப்படியென்றால் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"தெரியாது. தெரியாது என்றே பலகையில் எழுதுங்கள்."

பேராசிரியர் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பஸ்ஸில் பேர்சி முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "கண்ணால கண்ட ஆக்கள் எழுதி வச்சது தானே. உமக்கேன் இந்த வேலை?"

"எங்கட ஊருக்குள்ள ஆமி வந்த அண்டைக்கு ஆயிரம் பேர் எண்டு கத்தினது ஆர்? நான்தான். வந்தது ரெண்டு ட்ரக். பயந்த கண் அப்பிடித்தான் எண்ணும்."

அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினாள். ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. குதிரைகள் குடிக்கும் தண்ணீரின் கணக்கையும் சேர்த்துத் திரும்ப எழுதினாள். மகள் லாரா ஜெர்மனைத் திருத்தினாள்.

"பிழையை மட்டும் திருத்து பிள்ளை. கோவத்தைத் திருத்தாதை."

நாலாவது கடிதத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கு முன்னால் "பழைய குறிப்புகளின்படி" என்று புதிதாக ஒட்டியிருந்தது.

"வெண்டிட்டீரப்பா," என்றான் பேர்சி.

"எங்க வெண்டது? மூண்டு லட்சம் அப்பிடியே கிடக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஐந்தாவதை எழுதத் தொடங்கினாள்.