ஷைனிக்கு வழங்கப்பட்ட மன்னிப்பு

ஷைனி இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. இரணியல் ஸ்டேஷனில் திருவனந்தபுரம் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பழைய மென்பொருள் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழுவில், எங்கள் முன்னாள் முதலாளி ரவீந்திரன் சார் அவளுடைய படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றியிருந்தார். அவளுக்குப் புற்றுநோய் என்பதும், இனி அதிக நாள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் படத்தின் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துவிட்டன. ஒருவர் கூப்பிய கையோடு நிற்காமல், தன் மைத்துனர் திறக்கப்போகும் பேக்கரியின் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். போனைப் பைக்குள் போட்டேன். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

அவளுடைய கடற்கரை ஊரில் அடக்கம் நடந்தது. அதற்கு அடுத்த வாரம், நாகர்கோவில் அலுவலகத்தில் ரவீந்திரன் சார் இரங்கல் கூட்டம் வைத்தார். வாசலில் ஷைனி சிரிக்கும் பிளெக்ஸ் பேனர். அவளைவிடப் பெரிதாகக் கம்பெனியின் பெயர். டீயும் அச்சப்பமும் கொடுத்தார்கள். உங்களில் பலரும் அங்கே இருந்தீர்கள். அவர் பேசியதைக் கேட்டீர்கள். "ஷைனி நம்ம குடும்பத்துப் பிள்ளையாக்கும். குலசேகரத்து லேப்ல ஒரு தப்பு பண்ணிட்டா. மனுசங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். நான் அதை எப்பமே மன்னிச்சாச்சு. எனக்க மனசுல ஒண்ணும் இல்ல."

கடித்த அச்சப்பத்தைத் தட்டில் வைத்தேன். எழுந்து, "அது ஷைனிக்க தப்பு இல்ல சார்," என்றேன். அவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "சுயம்பு, செத்த பிள்ளைக்க காரியத்துல இதெல்லாம் பேசப்பிடாது கேட்டியா," என்று சொல்லிவிட்டு, டீ ஆறுகிறது என்றார். நீங்கள் எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டீர்கள். அங்கே பேச விடாததை இங்கே, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஷைனி வேலையில் சேர்ந்த புதிதில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. அடுத்தவன் எழுதிய நிரலைப் படிக்கும்போது அவள் முகம் போகிற போக்கு அப்படி. எலி செத்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவள் மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு வரிவரியாகப் போவாள். முதல் வாரமே என் நிரலைப் படித்துவிட்டு, "மக்கா, இது ஓடுமா?" என்றாள். பெரும்பாலும் ஓடும் என்றேன். "சோத்துல பல்லிக் காலு கெடக்கு. மத்தபடி சோறு நல்லாத்தான் இருக்கு. திம்பியா நீ?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாவது நாள் அந்த நிரல் நின்றுபோனது. பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

பரிசோதனைக்கூடங்களுக்கான ஒரு மென்பொருளை அப்போது செய்துகொண்டிருந்தோம். ரத்தம் பார்க்கும் எந்திரத்தை ஒயர் மூலம் கணினியோடு இணைத்துவிட்டால், எந்திரம் சொல்லும் எண் நேராகத் திரையில் வரவேண்டும். இதில் ஒரு நியதி இருக்கிறது. கணினியில் நாம் பார்க்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரே ஓர் ஓட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மெயின் லூப் என்போம். யார் எங்கே அழுத்தினார்கள், எதை எங்கே வரைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அதன் வேலை. எந்திரம் பதில் தரும்வரை அதையே காத்திருக்கச் சொன்னால் ஜன்னல் உறைந்துவிடும். அதனால் காத்திருக்கும் வேலையைப் பின்னால் த்ரெட் என்ற இன்னொரு தனி ஓட்டத்திடம் கொடுப்போம். அந்த த்ரெட் பதில் வந்ததும் திரையில் தானே கை வைக்கக்கூடாது. இன்னாருக்கு இந்த எண் என்று ஒரு செய்தியை வரிசையில் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். மெயின் லூப் தன் முறை வரும்போது அதை எடுத்து, உரிய பெயரில் எழுதும்.

எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. எண் கையில் இருக்கிறது, திரை எதிரே இருக்கிறது, நேராக எழுதினால் என்ன என்று கேட்டேன். ஷைனி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க ஊரு சர்ச்சுல பூசை முடிஞ்ச ஒடனே சாமியார் அறிவிப்பு வாசிப்பாரு. ஆடு காணாம போனவன், கல்யாண ஓலை குடுக்கவன், எல்லாவனும் துண்டுச்சீட்டுல எழுதி கோயில்பிள்ளைக்க கையில குடுத்துட்டுப் போவான். நேரம் வரும்போ சாமியார் வாசிப்பாரு. அது இல்லாம அவனவன் பீடத்துல ஏறி மைக்கப் புடிச்சா? மணவாட்டிக்க பேரு வரவேண்டிய எடத்துல ஆட்டுக்க பேரு வரும் மக்கா." அன்றைக்குப் புரிந்தது, இன்றுவரை மறக்கவில்லை.

ரவீந்திரன் சாருக்கு நிரல் எழுதத் தெரியும். அதுதான் எங்கள் தலைவிதி. வாடிக்கையாளர் முன்னால் எண்கள் திரையில் துள்ளி விழவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருநாள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்திரத்திலிருந்து வரும் எண்ணைப் பின்னால் ஓடும் த்ரெட்டே நேராகத் திரையில் எழுதும்படி அவர்தான் மாற்றினார். எந்தப் பெயருக்கான எண் என்று அந்த த்ரெட்டுக்குத் தெரியாது. அந்த நிமிடம் எந்தப் பெயர் திறந்திருக்கிறதோ அதில் போய் எழுதிவிடும். இடையிடையே ஜன்னல் உறைந்தது. அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. எழுதுவதற்கு முன்னால் அரை நொடி தூங்கு என்று ஒரு வரியைச் சேர்த்தார். உறைவது குறைந்தது. அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஷைனி அதைப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சத்தியமாகக் குமட்டலுக்கு வாயைப் பொத்தினாள். பிறகு அவர் அறைக்குப் போய், இதை இப்படியே குலசேகரத்து லேபில் வைக்கக்கூடாது, வரிசையில் செய்தி போடும் முறையில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று சொன்னாள். எழுதியும் தந்தாள். "டெமோல வருதுல்லா? பின்ன என்னத்துக்கு கெடந்து துள்ளுத?" என்றார் அவர். நல்ல நாள் குறித்தாகிவிட்டது, லேப் டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது என்று தான் எழுதியதையே கொண்டுபோய் வைத்தார்.

குலசேகரத்து லேபில் ரத்தம் பார்ப்பது லீலா அக்கா. வருகிறவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். மலைப்பக்கம் திரும்பிப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் மத்தியானத்துக்குத்தான். அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று, ஒருவருடைய ரத்தம் எந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுத்தவர் பெயரைத் திறந்து வயதையும் ஊரையும் பதிந்துவிடுவார். அந்த ஊரில் வேலை அப்படித்தான் நடக்கும், வேறுவிதமாக நடக்கமுடியாது. ரவீந்திரன் சாரின் த்ரெட் அரை நொடி தூங்கி எழுந்து பார்க்கும்போது திரையில் அடுத்த பெயர் இருக்கும். முன்னவரின் எண்ணைக் கூசாமல் அதில் எழுதிவிட்டுப் போகும்.

அப்படித்தான் ஒரு பெரியவருக்கு வேறு யாருடைய சர்க்கரையோ போனது. அளவு மிக அதிகம் என்று மாத்திரையைக் கூட்டினார்கள். அவர் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். நல்ல வேளை, கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிழைத்தார். அக்கா மறுபடியும் அவருடைய ரத்தத்தைப் பார்த்து, எண் மாறியிருப்பதைக் கண்டு, தானே டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். காரில் போகும்போது ரவீந்திரன் சார் தக்கலையில் டீ வாங்கிக் கொடுத்துப் பாடம் நடத்தினார். "அந்த லேடி அவசரத்துல தப்பா தட்டிட்டா. நீ அத மட்டும் சொல்லு ஷைனி. நீ சொன்னா டாக்டரு நம்புவாரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." ஷைனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

லேபில் லீலா அக்கா அழுது முகம் வீங்கிப்போய் நின்றார். அவர் வேலை அன்றோடு சரி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷைனி நேராக உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி, "அக்கா, எனக்கு ரெத்தம் எடுங்க. தினமும் எப்பிடிச் செய்வியளோ அப்பிடியே செய்யுங்க," என்றாள். அக்கா ரத்தத்தை எந்திரத்தில் வைத்துவிட்டு, பழக்கப்படி அடுத்த பெயரைத் திறந்தார். அடுத்த ஆளாக நான் என் பெயரைக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், ஊசியே படாத என் பெயரில் சர்க்கரை அளவு வந்து விழுந்தது.

"பாருங்க டாக்டர். எனக்க ரெத்தம், இவனுக்க பேருல. இது எங்க ப்ரோக்ராமுக்க தப்பு. அக்கா ஒரு தப்பும் செய்யல்ல," என்றாள்.

லீலா அக்காவின் வேலை தப்பியது. ரவீந்திரன் சார் எங்களைக் காரில் ஏற்றவில்லை, பஸ்ஸில் வந்தோம். மறுநாள் ஷைனியை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தப்பான வரியை எழுதியவளே ஷைனிதான், அதனால்தான் அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்ற கதையும் அதே வாரம் கிளம்பியது. கிளப்பியவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இல்லை, இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் எழுதினார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். முதலாளி பொய் சொல்வாரா என்ற நம்பிக்கை நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கொஞ்ச நாளில் நானும் வேறு வேலை தேடிக்கொண்டேன். ஷைனி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வரிசை முறையை ரவீந்திரன் சார் எடுத்து உள்ளே வைத்து, புதுப் பெயர் சூட்டி, மார்த்தாண்டம் வரை விற்றார். அந்த அரை நொடித் தூக்கத்தை மட்டும் எடுக்கவே இல்லையாம். இருக்கட்டும், பாதுகாப்பு என்றாராம்.

நீயாவது கம்பெனிக்குப் போய் நாலு பேர் முன்னால் கேட்கவேண்டாமா என்று ஷைனியிடம் சண்டை போட்டிருக்கிறேன். "அந்த ஆளுக்க கூட நின்னு பேசுததே எனக்கு அருவருப்பா இருக்கு மக்கா. குளிச்சாலும் போவாது," என்பாள். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில். மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஷைனி எண்களைப் பார்க்கவில்லை. மேலே பெயரைத்தான் முதலில் பார்த்தாள், வயதைப் பார்த்தாள், படுக்கை எண்ணைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் கீழே எண்களுக்குப் போனாள். கடைசி எண்வரை பார்த்துவிட்டு, தாளை என்னிடம் நீட்டினாள்.

"சுயம்பு, அந்த ஆளுக்க த்ரெட்டு இந்த ஒரு தடவ மட்டும் வந்து எழுதியிருக்கப்பிடாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, தாளை மடித்து மேசையில் வைத்தேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பெரும்பாலும் சரியாக வரும் என்று யாராவது என்னிடம் சொன்னால், இப்போது எனக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. அந்த அருவருப்பு அவளுடையது. எனக்கு அது வேண்டும், வைத்துக்கொள்கிறேன். இரங்கல் கூட்டத்தில் டீ குடித்தவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ரவீந்திரன் சார், இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். மன்னிக்கிற வேலையை லீலா அக்காவுக்கும் அந்தப் பெரியவருக்கும் விட்டுவிடுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டியவர். ஷைனி உயிரோடு இருந்தவரை அவளுடைய போன் நம்பர் மாறவே இல்லை.