பிஸ்கட் டப்பாவில் மூன்று சிலந்திகள்

எங்கள் ஹவுஸ் ஓனர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவே அவரை ‘சொல்தா’ என்றுதான் சொல்லும்; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். வலது பாதத்தில் பாதியை எந்த நாட்டிலோ பறிகொடுத்தவர். கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட வீரருக்குச் சிலந்தி என்றால் மட்டும் கை கால் ஓடாது.

எங்கள் பின்பக்கத்துப் புளியமரப் பொந்தில் கையகலச் சிலந்தி ஒன்று குடியிருந்தது. டரான்டுலா வகை. வலை கட்டிக் காத்திருக்காது. பகலெல்லாம் உள்ளே கிடக்கும். இருட்டத் தொடங்கியதும் பொந்து வாசலில் வந்து உட்காரும். கால் முடியிலேயே அதிர்வை உணர்ந்து, பக்கத்தில் வரும் கரப்பானைப் பிடிக்கும். கடித்தால் தசை இழுத்துக்கொள்ளும், விளையாட்டில்லை. ஆனால் நாமாக வம்புக்குப் போனால்தான் கடிக்கும். நான் விலங்கியல் படித்தவள். நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடையில் வேலை. “பூச்சியப் படிச்சி என்னத்தக் கிழிச்ச?” என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சொல்தா போர் தொடுத்தார். முதலில் பொந்துக்குச் சாம்பிராணிப் புகை போட்டார். சில நாளில் மரத்தடியில் ஒரு சிலந்தி கிடந்தது. அதை பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தெருவுக்கே காட்டினார். சில மாதம் கழித்துப் பொந்தில் மறுபடி ஒன்று. கைத்தடியால் ஒரே போடு. ஒரு கால் முறிந்து விழுந்தது. சில நாளில் அந்தச் சிலந்தியும் மரத்தடியில் கிடந்தது. பல மாதம் கழித்து இன்னொன்று. மூன்றும் டப்பாவுக்குள் போயின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு மரம் வெட்ட ஆளைக் கூட்டிவந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிழல் போனால் சித்திரையில் ஷீட் போட்ட என் சமையலறையில் நான் வெந்துவிடுவேன். அந்தச் சிலந்திக்கோ போக்கிடமே கிடையாது.

“எதுக்குய்யா மரத்த வெட்டுறீங்க?”

“மூணு கொன்னுட்டேம்மா. நாலாவது உள்ள குந்திக்கினு இருக்கு. ஒரு படையே இருக்கும் போல.”

வெட்ட வந்தவர்களிடம் டப்பாவைத் திறந்து காட்டினார். இந்தக் கண்காட்சியெல்லாம் நான் கடைக்குப் போன நேரத்தில்தான் நடக்கும். அன்றுதான் நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

மூன்றையும் துவைக்கிற கல்லில் சின்னது முதல் பெரியது வரை வரிசையாக வைத்தேன். ஒன்றை லேசாக ஊதினேன். பறந்துபோய், பக்கத்தில் நாற்காலியில் இருந்த சொல்தாவின் மடியில் விழுந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“பாம்பு சட்டை உரிக்குதில்ல, அந்த மாதிரி இது வெறும் தோலுய்யா. மல்லாக்கப் படுத்து, மேல் ஓட்ட மூடி மாதிரி தெறந்துக்கினு வெளிய வந்துடும். ஒவ்வொரு தடவையும் இன்னும் பெருசாவும்.”

“இது மூணும் வேற வேறம்மா.”

“காலப் பாருங்க. மொத தோல்ல எட்டு. ரெண்டாவதுல ஏழு, நீங்க ஒடச்சது. மூணாவதுல அதே எடத்துல குட்டியா, ஒல்லியா ஒரு கால். தோல உரிக்கறப்ப புதுக் கால் வந்திருக்கு. மூணும் ஒண்ணுதான். அதுதான் உள்ள இருக்கு.”

அவர் குனிந்து அந்த ஒல்லிக் காலையே பார்த்தார். வெட்ட வந்தவர்களும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் சமையலறை வாசலிலிருந்து இறங்கி வந்து கால்களை எண்ணினார். அதைப் பார்க்க எனக்குக் கோடி சந்தோஷம்.

“அடிச்ச கால மொளைக்க வச்சிக்கிச்சா?” என்றார் சொல்தா. தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டார். “நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல பாரு.”

பிறகு வெட்ட வந்தவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

மரம் இன்றும் நிற்கிறது. பொழுது சாயும்போது நாற்காலியைத் தள்ளியே போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு எல்லாம் பொந்தைக் காட்டுகிறார்.

“சொல்தான்னா அவன்தான் சொல்தா. நானு பென்சன்காரன்.”

“அவன் இல்லய்யா, அவ” என்பேன் நான். தோலின் அடிவயிற்றைப் பிரித்துப் பார்த்தாலே பெண் என்று தெரிந்துவிடும். பெண்ணுக்குத்தான் ஆயுசு கெட்டி.

அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றி எழுந்து, பொந்தைப் பார்த்து ஒரு சல்யூட் வைப்பார்.